உயிரியலில் மைனஸ் நாலு

ஈரானில், யஸ்து நகரத்தில் அந்த வருஷம் கொன்கூர் எழுதிய பெண்களில் உயிரியலில் மைனஸ் நாலு வாங்கியவர்கள் எத்தனை பேரோ, யாருக்குத் தெரியும்? ஆனால் பாடம் முழுக்கத் தலைகீழாகத் தெரிந்திருந்தும் அதை வாங்கியவள் நஜ்மே ஒருத்திதான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

கொன்கூர் என்றால் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்து, விடைத்தாளில் அதற்குரிய கட்டத்தைப் பென்சிலால் கருப்பாக்க வேண்டும். மூன்று தப்பு சேர்ந்தால் ஒரு சரியை விழுங்கிவிடும். அதனால்தான் பூஜ்யத்துக்குக் கீழேயும் ஒரு மார்க் உண்டு. முடிவு வரும்போது மார்க்கை யாரும் கேட்கமாட்டார்கள். "எத்தனாவது?" என்றுதான் கேட்பார்கள். ரொட்டிக்கடை வரிசையில் கேட்பார்கள், துக்க வீட்டில் கேட்பார்கள், பல் பிடுங்கும்போது வாயில் இடுக்கியை வைத்துக்கொண்டே டாக்டர் கேட்பார்.

நஜ்மேக்கு அப்போது வயசு முப்பத்தொன்று. பதினெட்டில் எழுதவேண்டியது. அந்த வருஷம் அம்மா போய்விட்டாள், அப்பாவின் மிட்டாய்க்கடைக் கல்லாவில் ஆள் இல்லை. ஒரு மாசம் நிற்கிறேன் என்று நின்றவள் பதின்மூன்று வருஷம் நின்றாள். கொத்தாப், பக்லாவா, ஏலக்காய் மணக்கும் குட்டிக் கேக்குகள். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் ஒன்றை நீட்டி "எடுத்துக்கோங்க" என்று சொல்வதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு தரமாவது சொல்லியிருப்பாள்.

அவள் மனசு மாறியது அக்கா ஃபக்ரியின் பிரசவத்தில். பதினாறு மணி நேர வலி. கூட இருந்த மருத்துவச்சி ஒரு நிமிஷம்கூட முகம் சுளிக்கவில்லை. நக்கலடித்துக்கொண்டே குழந்தையை வெளியே எடுத்து, நஜ்மேயின் கையில் கொடுத்து, "பிடி, உன் கை நடுங்கல, நீ இந்த வேலைக்கு ஆவ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து நஜ்மேக்கு மருத்துவச்சிப் படிப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

முதல் முறை எழுதியபோது நடந்த கூத்தைக் கேளுங்கள். பாதித் தேர்வில் எல்லோருக்கும் ஒரு கேக்கும் ஒரு பை பழச்சாறும் கொடுப்பது வழக்கம். கொன்கூருக்கே அந்தக் கேக்குக்காகத்தான் போகிறோம் என்று பையன்கள் ஜோக்கடிப்பார்கள். பிளாஸ்டிக் உறையில் வருகிற அதை நஜ்மேயின் கடைப் பூனைகூடச் சீந்தாது. உயிரியலில் மூன்றாவது கேள்வியை முடித்தபோது கேக் வந்தது. பக்கத்து நாற்காலிப் பெண்ணின் முறை வந்தபோது தட்டு காலி. கொண்டுவந்தவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நஜ்மேயின் கை தானாகவே நீண்டது.

"எடுத்துக்கோங்க."

"ஐயோ, வேண்டாங்க. நீங்க சாப்பிடுங்க."

"பரவால்லை, எடுத்துக்கோங்க."

"சத்தியமா வேண்டாம், உங்க கைக்குப் புண்ணியம்."

எங்கள் ஊரில் முதல் தடவையே வாங்குகிறவள் தீனிக்கு அலைகிறவள். ஒரு தடவை மட்டும் கொடுத்துவிட்டு விடுகிறவள் கஞ்சப் பிசினாறி. மூன்று தடவையாவது கொடுக்கவேண்டும், மூன்று தடவையாவது மறுக்கவேண்டும். மூன்றாவது சுற்றில் கண்காணிப்பாளர் அம்மா தடதடவென்று வந்து நின்றாள். "என்ன பேச்சு ரெண்டு பேருக்கும்? காப்பியா?" என்று அதட்டி, இருவர் நாற்காலி எண்ணையும் தாளில் குறித்துக்கொண்டாள். நஜ்மேக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. திரும்பக் குனிந்தவள் நாலாவது கேள்வியைக் கண் தவறவிட்டு, ஐந்தாவது கேள்வியின் விடையை நாலாவது வரிசையில் கருப்பாக்கினாள். ஆறாவதை ஐந்தாவதில். அப்படியே ஐம்பது வரைக்கும். கடைசி வரிசை காலியாக நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. மணி அடித்துவிட்டது.

பத்தொன்பதாயிரத்துச் சொச்சமாவது இடம்.

பத்தூல் அத்தை செய்தி கேட்ட மறுநாளே வந்தாள். அப்பாவின் அக்கா, எழுபத்திரண்டு வயசு, இரண்டு முட்டியும் போய்விட்டது, நாக்கு மட்டும் பழுதாகாமல் இருக்கிறது. உட்கார்ந்ததும், "பத்தொன்பதாயிரமா? அத்தனை பேர் இந்த ஊர்லயே இல்லியேடி!" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். நஜ்மே தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், கேக்கை மூன்று தரம் நீட்டினாள், அத்தை போனபின் கிடங்குக்குள் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள்.

அழுதது அந்த ஒரு மூச்சுதான். அடுத்த வாரம் சரியான விடைகள் வெளியானதும் கேள்வித்தாளை மேஜைமேல் விரித்து, வரிசை மாறாமல் இருந்தால் என்ன வந்திருக்கும் என்று ஒன்று விடாமல் சரிபார்த்தாள். உயிரியல் எழுபது சதவீதம் வந்திருக்கும்.

"பாரு அக்கா. எனக்குப் பாடம் தெரியும். எல்லாம் அந்தப் பாழாப்போன கேக்கு பண்ண வேலை."

ஃபக்ரி தாளை வாங்கிப் பார்த்தாள். கணக்கு டீச்சராக ஆறு வருஷம் இருந்தவள், தங்கையைக் கொஞ்சுவதெல்லாம் அவளுக்கு வராது.

"சரி, உயிரியலைக் கேக்கு தின்னுடுச்சு. வேதியியல்ல முப்பது வாங்கியிருக்கியே, அங்க யாருடி கேக்கு கொடுத்தா? இயற்பியல் இருபத்தி ரெண்டு. அங்க பிரியாணி போட்டாங்களா?"

நஜ்மேக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

அப்பா தன் பேச்சைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஒரே ஒரு வருஷம். ஃபக்ரி கல்லாவைப் பார்த்துக்குவா. அதுக்கப்புறம் அவ பந்தர் அப்பாஸுக்கு, புருஷன்கிட்ட போயிடுவா, அவரும் பாவம் துறைமுகத்துல தனியா கிடக்கறாரு. உனக்கு இந்த ஊர்லயே இடம் கிடைச்சா கடையை வாடகைக்கு விட்டுடறேன், என் முதுகு இனிமே தாங்காது. கிடைக்கலையா, நீ கல்லாவுக்கு வந்துடு, அப்புறம் கொன்கூருங்கற பேச்சே இந்த வீட்ல இருக்கக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம். நாலாயிரத்துக்குள்ள வந்தா இங்கயே கிடைக்கும். வருவேன் அப்பா."

"வந்தா பார்க்கலாம்."

"வருவேன்னு சொல்றேனே!"

அவள் அப்படிச் சொன்னதில் வீம்பு பாதி இருந்தாலும் மீதி பாதி நிஜ நம்பிக்கை. பதின்மூன்று வருஷம் பாகு காய்ச்சியவளுக்கு ஒன்று தெரியும். பதம் ஒரு தரம் தவறினால் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்தால் மறுதரம் தவறாது.

காலை ஆறு மணிக்கு உட்காருவாள். முதலில் வேதியியல், புரியாத பாடம் புத்தி தெளிவாக இருக்கும்போதே முடியட்டும் என்று. தப்பாகப் போன ஒவ்வொரு கேள்வியையும் மிட்டாய்ப் பெட்டி மூடியின் வெள்ளைப் பக்கத்தில் எழுதி, ஏன் தப்பானது என்று கீழே ஒரு வரி போடுவாள். 'தெரியாது.' 'தெரியும், அவசரம்.' 'கேள்வியில் இருந்த அல்ல என்ற சொல்லைப் படிக்கவில்லை.' மூடிகளைக் கிடங்குச் சுவரில் ஒட்டினாள். பனி விழும் மாதத்துக்குள் ஒரு சுவர் நிரம்பிவிட்டது. அதில் பாதிக்கு மேல் 'அவசரம்' என்றே இருந்ததைப் பார்த்து ஃபக்ரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கல்லாவுல க்யூ நிக்குதுன்னு நினைப்பா உனக்கு? தெரியாததை விட்டுட்டுப் போடி! யாரும் கோச்சுக்க மாட்டாங்க!"

விட்டுவிட்டுப் போவது அவளுக்குச் சுலபமாக வரவில்லை. ஒரு கேள்வியைக் காலியாக விடுவது, கடைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற மாதிரி இருந்தது. அதையும் பழகினாள். தெரிந்ததை முதல் சுற்றில் முடிப்பது, யோசிக்க வேண்டியதற்குப் புள்ளி வைத்து இரண்டாம் சுற்றில் வருவது, தெரியாததற்குக் குறுக்குக்கோடு போட்டுத் திரும்பியே பார்க்காமல் இருப்பது. பத்துக் கேள்விக்கு ஒரு தரம் கேள்வி எண்ணும் கட்டத்தின் எண்ணும் ஒன்றுதானா என்று விரல் வைத்துப் பார்ப்பது. வேதியியல் முப்பதிலிருந்து நாற்பத்தைந்துக்கு வந்தது, அப்புறம் ஐம்பத்தெட்டு. இயற்பியல் மட்டும் சண்டி மாடு, இழுத்த இழுப்புக்கு வரவில்லை. நாற்பதில் படுத்துக்கொண்டது. கிடக்கட்டும் என்று விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலைகளில் வீட்டு முற்றத்தில் முழுத் தேர்வு நடக்கும். இது ஃபக்ரியின் ஏற்பாடு. மடக்கு நாற்காலி, விடைத்தாள், சுவர்க் கடிகாரம். ஃபக்ரி குதிகால் செருப்பை மாட்டிக்கொண்டு டக் டக்கென்று நடப்பாள். அவள் மகள் மூன்று சக்கர சைக்கிளில் சுற்றுவாள். பாதியில் கேக் வரும். பக்கத்து நாற்காலியில் ஒரு தலையணையை உட்காரவைத்து, அதற்குக் கேக் கொடுக்காமல் ஃபக்ரி போய்விடுவாள்.

முதல் வாரம் நஜ்மே தலையணைக்குக் கேக்கை நீட்டிவிட்டாள்.

"அடியே! அது தலையணைடி!"

"தெரியாம கை போயிடுச்சு அக்கா."

"ரெண்டு கையும் பென்சில்ல இருக்கணும். தலையணை பட்டினியா செத்தாலும் பரவால்ல!"

எட்டு வாரமானது அந்தக் கை அடங்க. சிரிக்காதீர்கள். இந்த ஊரில் பிறந்து, மிட்டாய்க்கடையில் வளர்ந்து, அடுத்தவள் மடி காலியாக இருக்கும்போது தன் கேக்கைப் பார்த்துக்கொண்டு உட்காருவது என்ன பாடு என்று அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

வசந்தப் புத்தாண்டு முடிந்து பதினைந்தாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, உயிரியல் நடந்துகொண்டிருக்கிறது. கதவு திறந்தது. பத்தூல் அத்தை, கையில் ஒரு பை மாதுளம்பழம், கைத்தடி, மூச்சு வாங்க முற்றத்துக்குள் வந்தாள். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கவேண்டும். குழந்தைகூட சைக்கிளை விட்டு எழுந்துவிட்டது. அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நஜ்மே எழுந்திருக்கவில்லை.

பார்க்காமல் இல்லை, பார்த்தாள். உடம்பு பாதி எழும்பவும் செய்தது. கடிகாரத்தில் இன்னும் முப்பது நிமிஷம் இருந்தது. திரும்ப உட்கார்ந்து இருபத்தேழாவது கட்டத்தில் விரலை வைத்தாள். முகம் மட்டும் சிவந்துபோயிற்று.

"நஜ்மே!" என்றார் அப்பா. "அத்தை வந்திருக்காங்க."

நஜ்மே இருபத்தெட்டாவது கட்டத்துக்குப் போனாள்.

அத்தை நின்றபடியே பார்த்தாள். "இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ரெண்டு தெரு நடந்து வந்தேன். எனக்காக ஒரு நிமிஷம் எழுந்திருக்க முடியல, இவ நாளைக்குப் பிரசவம் பார்க்கப் போறாளாம்! பத்தொன்பதாயிரத்துக்கே இவ்வளவு திமிரா?" மாதுளம்பழப் பையைத் தரையில் வைத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

முப்பது நிமிஷமும் முடிந்தபிறகுதான் நஜ்மே பென்சிலை வைத்தாள். அதற்கப்புறம் கை நடுங்கியது. அப்பா கத்தினார், "இப்பவே போய் மன்னிப்புக் கேளு! என் அக்காவை என் வீட்டு வாசல்லயே அவமானப்படுத்திட்டே!"

"கேக்கறேன் அப்பா. கொன்கூர் முடிவு வந்ததும் போய் அவங்க கையை முத்தம் கொடுத்துக் கேக்கறேன். இப்பப் போனா மதியம் போயிடும், அப்புறம் சமாதானம் ஆகறவரைக்கும் தினம் போகணும். அம்மா போனப்புறம் எனக்கு அத்தையை விட்டா வேற யாரு இருக்காங்க? எனக்கு மட்டும் வலிக்காதா?" அப்போதுதான் குரல் உடைந்தது.

ஃபக்ரி விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். "எண்பத்தி மூணு," என்றாள். "இதுவரைக்கும் வாங்கினதுலயே இதுதான் அதிகம்."

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மன்னிப்பு என்ற பேச்சை அதற்குப்பிறகு எடுக்கவில்லை. அத்தை ஐந்து மாதம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

தேர்வு நாள் காலை வாசலில் ஃபக்ரி குர்ஆனை உயர்த்திப் பிடிக்க, நஜ்மே அதன் அடியில் மூன்று தரம் நுழைந்து புறப்பட்டாள். போனவள் நல்லபடி திரும்பி வரவேண்டும் என்று பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீரை வீதியில் ஊற்றினார்கள். வண்டியில் ஏறும்போது ஃபக்ரி காதோரம், "தலையணையை நினைச்சுக்கோ," என்றாள்.

போன வருஷம் எழுதிய கூடம் இல்லை, வேறொன்று. பக்கத்தில் பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி, நகமெல்லாம் கடித்துக் கடித்துப் புண்ணாகி இருந்தது. நஜ்மே தன் வேகத்தில் போனாள். தெரிந்தது, புள்ளி, கோடு. உயிரியல் பாதியில் கேக் வந்தது. நஜ்மே நிமிரவில்லை. பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்ததோடு தட்டு காலி. "இதோ கொண்டாறேன்" என்று போன ஆள் போனவர்தான்.

இது நஜ்மேயின் கணக்கில் வரவே இல்லை. எட்டு வாரம் கொடுக்காமல் இருக்கப் பழகினாள். தலையணை ஒருநாளும் அவளுக்குக் கேக் கொடுத்ததில்லையே!

அந்தப் பெண் நஜ்மேயின் நாற்காலிப் பலகையில் கேக் இல்லாததைப் பார்த்தாள். உடனே தன் கேக்கை நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க."

'ஐயோ வேண்டாம், நீ சாப்பிடும்மா' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூன்று வரிசை தள்ளிக் கண்காணிப்பாளர் அம்மா திரும்பிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றால் இந்தப் பெண் விடமாட்டாள், இன்னும் இரண்டு தரம் கேட்பாள். நாற்காலி எண்ணைக் குறிப்பார்கள். அப்புறம் இந்தக் கடித்த நகங்கள் எந்தக் கட்டத்தைக் கருப்பாக்கும் என்று நஜ்மேக்கு நன்றாகவே தெரியும்.

வெடுக்கென்று வாங்கினாள். உறையைக் கிழித்தாள், முழுக் கேக்கையும் ஒரே வாயாகத் திணித்துக்கொண்டாள், குனிந்து எழுத ஆரம்பித்தாள். நன்றிகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் வாயைப் பிளந்து ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவளும் குனிந்துவிட்டாள். கண்காணிப்பாளர் அம்மா இருவரையும் கடந்து போனாள். கேக் வாயெல்லாம் ஒட்டிக்கொண்டு, தொண்டைக்குள் இறங்க மறுத்தது. நஜ்மே முப்பத்தோராம் கேள்வியிலும் முப்பத்தோராம் கட்டத்திலும் விரல் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஓடிவந்தாள். "அக்கா, காலைல ஒண்ணுமே சாப்பிடலையா? ஒரே வாயில போட்டுட்டீங்க!"

"வயிறு நிறையச் சாப்பிட்டுத்தாம்மா வந்தேன். நான் வேண்டாம்னா நீ என்ன பண்ணியிருப்பே?"

"மறுபடி கொடுத்திருப்பேன். எங்கம்மா அப்படித்தான் வளர்த்தாங்க. எடுத்துக்கறவரைக்கும் விட்டிருக்க மாட்டேன்."

"அதான் எடுத்துக்கிட்டேன்." நஜ்மே போன வருஷக் கதையைச் சொன்னாள். அந்தப் பெண் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் முகம் வெளுத்து, நஜ்மேயைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை.

கோடை முடியும் தறுவாயில் முடிவு வந்தது. உயிரியல் எண்பத்தொன்று. வேதியியல் அறுபத்திரண்டு. இயற்பியல் நாற்பது, அது கொஞ்சமும் நகரவில்லை. இடம், இரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. அப்பா அதை மூன்று தரம் சத்தமாகப் படித்துவிட்டு, கடைக்கதவில் 'வாடகைக்கு' என்று தானே எழுதி ஒட்டினார். ஃபக்ரி பெட்டி கட்டத் தொடங்கினாள். கட்டிக்கொண்டே, "மைனஸ் நாலு வாங்கின கழுதை!" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

நஜ்மே அன்று சாயங்காலமே ஒரு பெட்டி பக்லாவாவோடு பத்தூல் அத்தை வீட்டுக்கு நடந்தாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போனாள். தெரு முழுக்க "எத்தனாவது, எத்தனாவது?" என்று கேட்டார்கள். அவளும் சொல்லிக்கொண்டே போனாள்.

அத்தை அறைக் கோடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நஜ்மே வாசலில் நின்று, "அத்தை, மன்னிச்சுக்கோங்க. அன்னிக்கு நான்…" என்று ஆரம்பித்தாள்.

அத்தை கைத்தடியை எட்டி எடுத்தாள். மற்றக் கையை நாற்காலியில் ஊன்றினாள். ஒரு தரம் எழும்பி, முடியாமல் உட்கார்ந்தாள்.

"அத்தை, எதுக்கு? உட்காருங்க! உங்க முட்டி…"

"பேசாம இருடி."

இரண்டாம் தரமும் முடியவில்லை. நஜ்மே பிடிக்க ஓடியபோது தடியை நீட்டித் தடுத்தாள். மூன்றாம் தரம், பல்லைக் கடித்து, முனகிக்கொண்டே அந்தக் கிழவி எழுந்து நேராக நின்றாள். தன்னில் பாதி வயசுகூட ஆகாதவளுக்காக அவள் எழுந்ததை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"வாங்க மருத்துவச்சியம்மா," என்றாள் அத்தை. "உள்ள வாங்க."